எழுதியதைப் படி

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘எதேச்சதிகாரமும் எளிய மனிதர்களும்’ என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. பார்த்ததும் எனக்கு உதறல்தான். ஹிட்லர், முசோலினி என்று தொடங்கி ஒன்றரை மணி நேரம் முழங்கக்கூடியவர்கள் பேச வேண்டிய தலைப்பு. நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். வாசகர் வட்டத் தோழரிடம் போனில் தயங்கினேன். “உங்க ஊர் கிராம சபையில நடந்ததைச் சொல்லுங்க சார், மத்ததைச் சனங்க சேர்த்துக்குவாங்க” என்றார். அந்தத் தைரியத்தில் வந்திருக்கிறேன்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே 1. சமுதாயக் கூடத்துக்கு முன்னால் சாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எங்கள் ஊர் கிராம சபை. நல்ல கோடை. எங்கள் தெருவில் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். அதிலும் மேட்டுத்தெருவுக்கு நூல்போல வரும். நான் எழுந்து பேசினேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் பேசிய வாய், சும்மா இருக்குமா? மேல்நிலைத் தொட்டி எவ்வளவு பிடிக்கும், மோட்டார் எத்தனை முறை எரிந்தது, வால்வு திறக்கும் பையன் யார் சொன்னால் திறக்கிறான், எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்தேன். பலத்த கைதட்டல். பிறகு டீயும் காராசேவும் வந்தன. கூடவே நீளமான ஒரு நோட்டும் வந்தது. எனக்கு முன்னால் 42 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 43ஆவதாக நானும் போட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், “இன்னைக்கு ஒரு பிடி பிடிச்சிட்டேன்” என்று பீற்றிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஆனி பிறந்தும் குழாயில் மாற்றமில்லை. ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் மரியாதை தெரிந்த இளைஞர். உட்காரச் சொல்லி, கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்க ஊர்ல தண்ணிப் பிரச்சினையே இல்லைன்னு நீங்களே தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கீங்களே சார்” என்றார்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேட்டேன். சட்டம் கொடுக்கும் அவகாசம் 30 நாள். 28ஆம் நாள் தபால் வந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். பொருள் எண் 4, குடிநீர். ‘ஊராட்சியில் குடிநீர் விநியோகம் சீராக நடைபெற்று வருவது குறித்து விவாதிக்கப்பட்டு ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.’ கூடவே வருகைப் பதிவேட்டின் நகல். 43ஆம் எண்ணில் என் கையெழுத்து. பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டிய கையெழுத்து அது. மணிமணியாக இருந்தது.

கொதித்துப்போய் ஊராட்சி செயலரைத் தேடிப் போனேன். எங்கள் ஊரில் இன்னும் ‘கிளார்க்கு’ என்றுதான் சொல்வார்கள். என்னிடம் படித்த பையன். திருதிருவென்று முழிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். “சார், மேலேருந்து இருபது பொருள் அச்சடிச்சு வருது. டெங்குலேருந்து பிளாஸ்டிக் ஒழிப்பு வரைக்கும். அத்தனைக்கும் அன்னைக்கு ராத்திரியே எழுதி மறுநாள் அனுப்பணும். போன தடவை எழுதினதைப் பார்த்து எழுதினேன் சார்.” போன தடவை எழுதியது எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தின தடவையிலிருந்து.

திரும்பி நடந்து வரும்போது இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். என் வாயை யாரும் பொத்தவில்லை. மைக் கொடுத்தார்கள், கைதட்டினார்கள், டீயும் கொடுத்தார்கள். நான் பேசியது சாமியானாவைத் தாண்டவில்லை. எவரோ எழுதியது என் கையெழுத்தோடு ஒன்றிய அலுவலகம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. இதில் கெட்டவன் என்று கைகாட்ட ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. எதேச்சதிகாரம் என்றால் பூட்ஸ் சத்தத்தோடு வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் ஒரு நோட்டு இருந்தால், வருகிறவருக்குப் பாதி வேலை ஏற்கனவே முடிந்துவிட்டது. நம்மை அடக்கி ஆள நினைப்பவர்களுக்கு நம் பேச்சு அவ்வளவு பெரிய தொந்தரவில்லை. நம் பெயரில் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தால்தான் அவர்களுக்கு வியர்க்கிறது. இன்று நான் பேசப்போவது அந்த எட்டிப் பார்த்தலைப் பற்றித்தான்.

உத்திரமேரூரைத் தொடாமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சைப் பேசினால் வீட்டுக்கு அனுப்பமாட்டீர்கள். தொட்டுவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையைச் சொல்லிச் சொல்லி நாம் நெஞ்சு நிமிர்த்துகிறோம். அது பிராமணர்களின் சபை, வேதம் கற்றிருக்க வேண்டும், வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், பெண்களுக்கு இடமில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இத்தனை குறைக்கும் நடுவே ஒரு விதி என்னை இழுத்துப் பிடிக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் பெயரை மட்டுமா? சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று உறவுமுறையை வரிசையாக வெட்டிவைத்திருக்கிறார்கள், கல்லில். ஆள் மாறி ஆள் வந்து கணக்கை அமுக்குவது பத்தாம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்! நடக்காத தப்புக்கு யாரும் கல்வெட்டு வெட்டமாட்டார்கள்.

கணக்கு என்றதும் ராஜஸ்தானுக்குப் போக வேண்டும். தமிழர் பெருமை தேடுகிறவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்: இந்தக் கதையில் வரும் அருணா ராய் 1946இல் சென்னையில் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். வேலையை உதறிவிட்டு, பிறகு தேவ்டூங்ரி என்ற குக்கிராமத்தில் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு போய்க் குடியேறினார். 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழைப்பாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு என்று சொல்லலாம்.

அங்கே பிரச்சினை கூலி. வறட்சி நிவாரண வேலையில் குளம் வெட்டுவார்கள், ரோடு போடுவார்கள். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கைக்கு வராது. கேட்டால், “நீங்க அவ்வளவு வேலை செய்யலை, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கு” என்பார்கள். அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால் அரசாங்க ரகசியம். குளத்து மண்ணை எத்தனை கூடை சுமந்தேன் என்பது சுமந்தவளுக்கே தெரியக்கூடாத ரகசியம்! வெள்ளைக்காரன் 1923இல் போட்ட அலுவல் ரகசியச் சட்டம் அதுவரைக்கும் கைநீட்டியது.

அவர்கள் எப்படியோ சில இடங்களில் மஸ்டர் ரோலின், அதாவது வேலைக்கு வந்தவர்கள் பட்டியலின், நகலைப் பெற்றார்கள். 1994 டிசம்பர் 2, கோட் கிரானா என்ற ஊர். கூட்டம் கூட்டி மஸ்டர் ரோலை வரி வரியாக, சத்தமாகப் படித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். ஜன் சுன்வாய் என்று அதற்குப் பெயர், மக்கள் விசாரணை. இன்னார், இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி. கூட்டத்தில் இருந்து ஒரு குரல், “அவர் செத்து வருசமாச்சே!” அடுத்த பெயர். “அவன் பஞ்சம் பிழைக்கப் பட்டணத்துக்குப் போயிட்டான், ஊரிலேயே இல்லை.” அடுத்த பெயர். “அது நான்தான், நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை.” ஒரு காகிதத்தைச் சத்தமாகப் படிப்பது இவ்வளவு ஆபத்தான காரியம் என்று அன்றைக்குத்தான் அதிகாரிகளுக்கு உறைத்தது. அடுத்தடுத்த விசாரணைகளுக்கு ஆவணம் தரக்கூடாது என்று கிராம சேவகர்கள் எதிர்ப்பில் இறங்கினார்கள்.

1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தில் தர்ணா தொடங்கியது. 40 நாள். கிராமங்களிலிருந்து கோதுமை வந்தது, நகரத்து வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பதுதான் கோஷம். அந்த இயக்கத்தில் சுசீலா என்றொரு பெண். டெல்லியில் பத்திரிகையாளர்கள் அவரிடம், நான்காம் வகுப்பு படித்த உங்களுக்கு எதற்கு இந்தத் தகவல் உரிமை என்று கேட்டிருக்கிறார்கள். மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லிக் கோடிக்கணக்கில் செலவு செய்யும் அரசாங்கத்திடம் கேட்கக்கூடாதா என்று திருப்பிக் கேட்டார். நான் எத்தனையோ அரசியல் விஞ்ஞானப் புத்தகம் படித்திருக்கிறேன். இந்தப் பத்து ரூபாய் அளவுக்கு எதுவும் மண்டையில் ஏறியதில்லை.

2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அக்டோபர் 12 முதல் நடைமுறை. நம் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. இப்படியொரு சட்டத்தை 1997லேயே, நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு இயற்றிவிட்டது. விதிவிலக்குகள் அடுக்கடுக்காக இருந்ததால் அது மூலையில் கிடந்தது. யாரும் தர்ணா இருந்து வாங்காத சட்டம் என்பதால் யாருக்கும் அதன் அருமையும் தெரியவில்லை போலும். இப்போது ஒன்றியச் சட்டத்துக்கும் கண்பட்டுவிட்டது. 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிறது. தனிநபர் தகவல் என்று காரணம் சொல்லி மறுப்பது முன்னைவிடச் சுலபம். மஸ்டர் ரோல் என்பதே தனிநபர்களின் பெயர்ப் பட்டியல்தானே! கோட் கிரானாவில் படித்த காகிதத்தை இன்று கேட்டால் என்ன பதில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

“சார், கூட்டம் போடவே விடாத காலம் வந்தால் என்ன செய்வது?” என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. வந்ததே! 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை, நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் அதன் முழு வெயிலும் 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி அரசைக் கலைத்த பிறகுதான் உறைத்தது. மிசா சட்டத்தில் ஆட்களைப் பிடித்துப் போட்டார்கள். யாரைப் பிடித்தார்கள் என்று பத்திரிகையில் போடத் தணிக்கை அனுமதிக்கவில்லை. நான்காவது நாள், பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது: அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று. ஏன் வர இயலாது என்று ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணத்துக்கு வராதவர்கள் பட்டியல்போல வெறும் பெயர்கள். தணிக்கை அதிகாரி எதை வெட்டுவார்? டீக்கடையில் படித்த ஒவ்வொருவருக்கும் புரிந்தது. கட்சி அபிமானம் உள்ளவர்கள் இதைத் தலைவரின் சாமர்த்தியமாகச் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அது பெயர்களை எழுதிவைத்த காரியமாகப் படுகிறது. உள்ளே போனவர்கள் இன்னார் என்று வெளியே ஒரு காகிதம் இருந்துவிட்டது.

அப்படி உள்ளே போனவர்களில் சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு ஒருவர். மத்திய சிறையில் அடி. 1977 ஜனவரியில் இறந்துபோனார். சிறையில் பட்டதை அவர் டைரியாக எழுதிவைத்திருந்தார். நெருக்கடி நிலை முடிந்த பிறகு சென்னைச் சிறைக் கொடுமைகளை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அடித்தவர்களின் ஞாபகத்தை மட்டும் நம்பியிருந்தால் அங்கே அடியே விழுந்திருக்காது.

கடலுக்கு அந்தப் பக்கமும் பாருங்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால், 2017 பிப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தாய்மார்கள். கையில் பிள்ளையின் படம். இது எத்தனையாவது நாள் என்று எண்ணி எழுதிவைத்தார்கள். நூறாவது நாள், ஐந்நூறாவது நாள், ஆயிரமாவது நாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பதில் கிடைக்காமலே எத்தனையோ தாய்மார் கண்ணை மூடிவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு நான் வெற்றிக் கதை சொல்ல முடியாது.

ஆனாலும் ஒரு வெற்றிக் கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவதும் தப்பு. ஒடிசாவில் நியாம்கிரி மலை. டோங்ரியா கொந்த் மக்களுக்கு அந்த மலைதான் சாமி. அதை வெட்டி பாக்சைட் எடுக்க வேதாந்தா நிறுவனத்துக்காகத் திட்டம். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று, கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுங்கள் என்றது. மலையைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள். மாநில அரசு பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தது. சின்னச் சின்னக் கிராமங்கள், எளிதில் சம்மதிக்கவைத்துவிடலாம் என்ற கணக்காக இருந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மழையில், மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார்ந்திருக்க, போலீஸ் சுற்றி நிற்க, ஒவ்வொரு ஊராகக் கூட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். பேசியதை அதிகாரி எழுத வேண்டியிருந்தது. நீதிபதி பார்த்துக்கொண்டிருக்கிறாரே! பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை நிற்கிறது.

அங்கே வன உரிமைச் சட்டம் 2006 என்ற ஆதாரம் இருந்தது. நம் ஊர் கிராம சபைக்கு அந்தப் பலம் கிடையாது. அப்படியும் அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்டம் மேலூர் வட்டம். சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் பாறைக்குன்றுகளுமாக இருக்கிற ஊர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்தது, ஹிந்துஸ்தான் ஜிங்க் எடுத்திருக்கிறது என்று செய்தி. ஊரில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நவம்பர் 23 கிராம சபையில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம். ஜனவரி 7 அன்று மேலூர் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானத்தாலா ரத்தானது? இல்லை. நடந்த கால்களாலும், கட்சிகளின் ஓட்டுக் கணக்காலும் ஆனது. அந்தத் தீர்மானத்துக்குச் சட்டப்படி கட்டுப்பட வேண்டிய அவசியம்கூட டெல்லிக்கு இல்லை. ஆனால் நடந்தவர்கள் கையில் ஒரு காகிதம் இருந்தது. ‘யாரோ நாலு பேர் தூண்டிவிடுகிறார்கள்’ என்று சொல்ல முடியாதபடி செய்த காகிதம்.

மேலூர் வட்டம் என்று சொன்னதும் உங்களில் மூத்தவர்கள் சிலர் முகம் மாறியதைப் பார்த்தேன். எனக்கும் அதே நினைவுதான். மேலவளவு அதே வட்டம்தான். 1996 உள்ளாட்சித் தேர்தலில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. வேட்புமனு போடவே விடவில்லை; போட்டால் வாபஸ்; வாக்குப்பெட்டி களவு. இத்தனையும் தாண்டித் தலைவரானார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரையும் உடன் வந்தவர்களையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல், இந்த நான்கு ஊர்களிலும் தலைவர் நாற்காலியில் ஒரு தலித் நிலையாக உட்காரப் பத்து ஆண்டுகள் பிடித்தன. 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. 

ஆகவே, ‘எல்லாம் கிராமத்திலிருந்து சரியாகிவிடும்’ என்று என்னால் வாய்கூசாமல் சொல்ல முடியாது. அரியானாவில் 2023இல் நூஹ் கலவரத்துக்குப் பிறகு பல ஊராட்சிகள் தீர்மானக் கடிதம் எழுதின: முஸ்லிம் வியாபாரிகள் எங்கள் ஊருக்குள் வரக்கூடாது என்று. ஏறக்குறைய ஒரே மாதிரி வாசகங்கள். எங்கள் கிளார்க்கு முந்தின தடவையைப் பார்த்து எழுதியதைப்போல, யாரோ எழுதிக்கொடுத்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். லெட்டர்பேடு, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. எதேச்சதிகாரம் டெல்லியிலிருந்து இறங்குவதும் உண்டு, நம் டீக்கடை பெஞ்சில் முளைப்பதும் உண்டு. சேரியிலிருந்து ஒரு பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “எழுதினதைப் படி” என்று கேட்க முடியாத கிராம சபையில், நானும் என் மணிமணியான கையெழுத்தும் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இது இணையத்தில் கிடைக்கும் சங்கதிதான். 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைந்தது 50 பேரிலிருந்து 300 பேர் வரை வந்திருக்க வேண்டும். ‘கோரம்’ எனும் இந்தக் குறைந்தபட்ச வருகையை நிரப்பத்தான் நூறு நாள் வேலைக்காரர்களை, ‘வரலைன்னா வேலை கிடையாது’ என்று மிரட்டிக் கூட்டி வருவது. வந்த பெண்கள் ஓரமாக மண்தரையில் உட்கார்ந்து, கைநாட்டு வைத்துவிட்டுப் போவார்கள்.

இந்தக் கூட்டமும் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2020 அக்டோபர் 2 கூட்டத்தைக் கொரோனா என்று சொல்லி ரத்து செய்தார்கள். டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. ஐந்து ஆண்டு முடிவதற்குள் உள்ளாட்சித் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243இ பிரிவு சொல்கிறது. 2016இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் ஊராட்சிகளில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில், மிச்ச மாவட்டங்களுக்கு 2021இல், நகரங்களுக்கு 2022இல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர். மறுபடி 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி தனி அலுவலர். முதலில் ஆண்டது ஒரு கட்சி, அடுத்து ஆண்டது இன்னொரு கட்சி. மாநில உரிமை பறிபோகிறது என்று டெல்லியைப் பார்த்து நாம் கோபப்படுகிறோம், நியாயமான கோபம். அதே கோபத்தில் கால்வாசியாவது ஊராட்சிக்கு மிச்சம் வைத்தோமா? எங்கள் ஊரில் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் வந்தபோது ஒரு சுவரொட்டிகூட ஒட்டவில்லை. பலருக்கு அது தெரியவே தெரியாது.

நகரத்திலிருந்து வந்திருப்பவர்கள், எங்களுக்குக் கிராம சபை இல்லையே என்று நினைக்கலாம். உங்களுக்குப் பகுதி சபை என்று ஒன்று 2022 முதல் விதிகளில் இருக்கிறது. எத்தனை வார்டில் கூடுகிறது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. அங்கேயும் ஒரு நோட்டு உண்டு. அங்கேயும் ‘ஒருமனதாக’ என்று யாரோ எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கதையை முடிக்கவில்லையே. ஆகஸ்ட் 15 கிராம சபை வந்தது. நகலை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை நான் பேசவில்லை. மேட்டுத்தெருப் பெரியம்மா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். முந்தின நாளே அவரிடமும் இன்னும் பத்துப் பேரிடமும் நகலைப் படித்துக் காட்டியிருந்தேன். ‘தண்ணி சீரா வருதுன்னா எழுதியிருக்கு?’ என்று மூன்று முறை கேட்டார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து நோட்டு வந்தது. பெரியம்மா முன்னால் மைப்பொட்டியை நீட்டினார்கள். கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

“எழுதினதைப் படிப்பா.”

“இனிமேத்தான் எழுதணும் பெரியாத்தா. சாயங்காலம் எழுதிக்கிறேன், நீ வச்சிட்டுப் போ.”

“எழுது. நான் இருக்கேன்.”

கூட்டம் சிரித்தது. யாரோ, “கிழவிக்கு வெயில் ஏறிருச்சு” என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்களும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் கைநாட்டும் பாக்கி. அது இல்லாமல் கோரம் கிடையாது. கிளார்க்கு என்னைப் பார்த்தான். நான் காராசேவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து எழுதினான். ஒவ்வொன்றாகப் படித்தான். டெங்கு, பிளாஸ்டிக், மரக்கன்று. பாதிப் பேர் போய்விட்டார்கள். பந்தல்காரர் வந்து நாற்காலியை அடுக்கத் தொடங்கினார். குடிநீர் வந்தது. பழக்க தோஷத்தில், ‘சீராக’ என்று ஆரம்பித்தான்.

“நிப்பாட்டு. அஞ்சு நாளைக்கு ஒருக்கன்னு எழுது.”

“அப்படியெல்லாம் எழுதக்கூடாது பெரியாத்தா...”

“வர்றது அஞ்சு நாளைக்கு ஒருக்கத்தானே? நான் பொய்யா சொல்றேன்? மேட்டுத்தெருவுக்கு வரலைன்னும் எழுது.”

அடித்து எழுதினான். அடித்த இடத்தில் தலைவர் சுருக்கொப்பம் வைத்தார். இப்போது எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிறது. மேட்டுத்தெருவுக்கு இன்னும் நூல்போலத்தான். புதுக் குழாய்க்கு மதிப்பீடு போயிருக்கிறது என்கிறார்கள், அந்த மதிப்பீட்டின் நகலுக்கும் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறோம்.

அன்றைக்கு எல்லாம் படித்து முடிக்க மணி இரண்டரை. பெரியம்மா கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “இப்பக் கொண்டா அந்த மைப்பொட்டிய” என்றார்.